கல் எவ்வளவு சொல்லும்? கிடங்கிலிலிருந்து கோவலூர் வரை ஒரு காலக்கணக்கு

போன வருஷம் விழுப்புரம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. தலைப்பு நான் கொடுத்ததுதான்: "சங்க இலக்கியம் கற்பனை இல்லை, கல்லிலேயே சான்று இருக்கிறது." திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றின் படத்தைக் காட்டினேன். பக்கத்தில் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு கபிலர் தீப்புகுந்ததைச் சொல்கிறது என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டார்னுதான் நான் படிச்சேன். நீங்க தீயில இறங்கினார்னு சொல்றீங்க. எது சார் சரி?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, எப்படியோ உயிரை விட்டார்" என்று மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வடக்கிருப்பது சாப்பாட்டை விட்டுச் சாவது. தீப்புகுவது வேறு. அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன்தான் இந்தக் குறிப்பு.

பதில் தேடும்போது எனக்கு உதவியது, எதிர்பாராமல், எபிரேய வேதாகமத்துக்கு ஆய்வாளர்கள் வயது சொல்லும் முறை. அவர்களுக்கும் நமக்கும் ஒரே சிக்கல். பாட்டு பழசு, கையில் இருக்கும் படி புதுசு. முழு எபிரேய வேதாகமமும் அடங்கிய, காலம் குறித்த மிகப் பழைய கைப்பிரதி லெனின்கிராட் பிரதி. அது எழுதப்பட்டது ஏறக்குறைய 1008இல். தஞ்சையில் ராஜராஜன் பெரிய கோயில் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1947இல் தொடங்கிச் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்கள் இந்த இடைவெளியை ஆயிரம் வருஷத்துக்கும் மேல் குறைத்தன. நமக்கு அப்படி ஒரு குகை வாய்க்கவில்லை. நம்ம ஓலைகள் சில நூறு வருஷத்துக்கு மேல் தாங்காது. படி எடுத்துப் படி எடுத்து வந்தவை. உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சிட்டது 1889இல். அப்போ, பாட்டின் வயதைச் சொல்ல ஓலையை விட்டு வெளியே வர வேண்டும். வெளியே இருப்பது கல்லும் காசும் பானை ஓடும்.

கல்லுக்கே வயது யார் சொன்னது?

முதல் தடை இதுதான். பிற்காலச் சோழர் கல்வெட்டில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஆண்டே இருக்காது. எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும். ஆனால் வரிசை மட்டும் போதாது. எங்காவது ஓரிடத்தில் அந்த வரிசையை ஆணி அடித்து நிறுத்த வேண்டும்.

அந்த ஆணிகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிய அரெட்டைன் பாண்டங்கள் கிடைத்தன. அந்தப் பாண்டம் எப்போது செய்யப்பட்டது, எப்போது நின்றது என்பது ரோமானிய வரலாற்றில் நன்றாகத் தெரிந்த விஷயம்: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியை ஒட்டியது. அதே இடத்தில் தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகளும் கிடைத்தன. ஆக, அந்த வகை எழுத்து எந்தக் காலத்தில் புழங்கியது என்பதற்கு ஒரு பிடி கிடைத்தது. பின்னாளில் பொருந்தல், கொடுமணல் போன்ற இடங்களின் கார்பன் கணக்கீடுகள் எழுத்தின் தொடக்கத்தை இன்னும் முன்னால் தள்ளின. அதில் வாதம் இன்னும் ஓயவில்லை.

எழுத்து எப்படி நகர்ந்தது என்று கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றுக்குப் போங்க. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட செய்தி அங்கே இருக்கிறது. பிராமியிலிருந்து வட்டெழுத்துக்கு மாறும் நிலையில் உள்ள எழுத்து. 'ஐ' என்ற எழுத்து முதன்முதலில் காணப்படும் கல்வெட்டு என்று இதைச் சொல்வார்கள். இப்படி ஒவ்வொரு மாற்றமும் ஒரு மைல்கல். மைல்கல் தேதி அல்ல, திசை காட்டும். ஐம்பது, நூறு வருஷம் முன்பின் ஆகலாம்.

ஒரு பெயர் நிரூபிப்பது

1993இல் இஸ்ரேலின் வடக்கே தெல் தானில் ஒரு அரமேயக் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டுக்குரியது. எதிரி அரசன் ஒருவன் தன் வெற்றியைச் சொல்லும்போது "தாவீதின் வீடு" என்று ஒரு அரச வம்சத்தைக் குறிக்கிறான். தாவீது வெறும் கதைப்பாத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அந்தக் கல் தாவீது கோலியாத்தை வீழ்த்தினான் என்று சொல்லவில்லை. அந்தப் பெயரில் ஒரு வம்சம் இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது.

நமக்கு ஜம்பை. திருக்கோவிலூரிலிருந்து சிறிது தூரம்தான். 1981இல் அங்குள்ள குன்றில், இயற்கையான குகைத்தளத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரே ஒரு வரியைக் கண்டுபிடித்தது: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி." அதாவது, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம்.

ஒரு வரிதான், ஆனால் இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுதோ' என்று ஒருவரைச் சொல்கிறது. அது யார் என்று ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டத்தைச் சுமந்தவர்கள் தகடூர் அதியமான்கள் என்று ஜம்பை சொல்லிவிட்டது. அடுத்தது, அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்ததாக நாம் படிக்கும் அஞ்சியின் பெயர் பாட்டுக்கு வெளியே, கல்லில் கிடைத்தது.

எனக்குப் பெயரைவிட இடம்தான் முக்கியமாகப் படுகிறது. தகடூர் என்பது தருமபுரி. அங்கிருப்பவன் பெண்ணையாற்றங்கரையில் எதற்குக் குகை கொடுக்கணும்? புறநானூறு 99ஆம் பாட்டில் அவ்வையார் அஞ்சியைப் பாடும்போது, அவன் கோவலூரை வென்றதையும் அதைப் பரணர் பாடியதையும் சொல்கிறார். கோவலூர் என்பதுதான் திருக்கோவிலூர். பாட்டு அவன் இந்தப் பக்கம் வந்தான் என்கிறது. கல் இந்தப் பக்கமே கிடக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதில்லை.

ஐராவதம் மகாதேவன் ஜம்பைக்குச் சொன்ன காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. இன்னும் முன்னால் வைப்பவர்களும் உண்டு. ஒரு எச்சரிக்கையும் தேவை: அரச குடும்பங்களில் தாத்தா பெயர் பேரனுக்கு வரும். இந்த அஞ்சிதான் அந்த அஞ்சி என்பது வலுவான ஊகமே தவிர, கையெழுத்துப் போட்ட பத்திரம் இல்லை.

கரூர் பக்கத்துப் புகளூர்க் கல்வெட்டு இந்தச் சந்தேகத்தைக் குறைக்கும் வகை. அதில் ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வரிசையாக வருகிறது. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளில் வரும் இரும்பொறைச் சேரர்களோடு இந்த வரிசையைப் பலரும் பொருத்துகிறார்கள். ஒரு பெயர் தற்செயலாகப் பொருந்தலாம். மூன்று பெயர் அப்பன், மகன், பேரன் என்ற முறையோடு பொருந்துவது சுலபமில்லை.

திண்டிவனத்துக்கு வருவோம்

எங்க ஊருக்கு இதில் என்ன பங்கு? திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று இருக்கும் கிடங்கில், சிறுபாணாற்றுப்படையில் வரும் ஊர். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். ஓய்மாநாடு என்ற பெயர் பல நூற்றாண்டு கழித்துச் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்கிறது. நல்லியக்கோடன் பெயர் பொறித்த பிராமிக் கல் நம்மிடம் இல்லை. அப்போ இந்தப் பாட்டுக்கு வயது சொல்ல வழியே இல்லையா?

வழி இருக்கு. அந்தப் பாட்டு ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லி, அவர்கள் சுமந்த கொடை என்னும் பாரத்தை இப்போது நல்லியக்கோடன் ஒருவனே தாங்குகிறான் என்று போகிறது. அந்த ஏழு பேரில் அதியமான் ஒருவன், கோவலூர் மலையமான் காரி ஒருவன். அவர்கள் பழைய ஆட்களாகிவிட்ட பிறகுதான் இந்தப் பாட்டு பிறந்திருக்க முடியும். ஜம்பை அஞ்சியும் பாட்டு சொல்லும் அதியமானும் ஒருவனே என்றால், சிறுபாணாற்றுப்படை ஜம்பைக் கல்லுக்குப் பிந்தியது. கல்லை நேராகத் தொடாமலே, ஜம்பை வழியாகக் கிடங்கிலுக்கு ஒரு கீழ் எல்லை கிடைத்துவிட்டது.

எபிரேய நூல்களிலும் இதே கணக்குதான். ஏசாயா நூலின் 44, 45ஆம் அதிகாரங்கள் பாரசீக அரசன் கோரேசுவைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. அவன் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. அவனைப் பற்றிய களிமண் உருளை 1879இல் கிடைத்தது. ஆகவே அந்தப் பகுதி அவன் காலத்தை ஒட்டித்தான் எழுந்திருக்கும் என்று பெரும்பாலான ஆய்வாளர் சொல்கிறார்கள். அது முன்னறிவிப்பு என்று நம்புகிறவர்கள் இதை ஏற்பதில்லை.

மேல் எல்லை? விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் குடைந்ததாக மகேந்திரவர்மன் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஆக, 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்த மண் பல்லவர் கையில். சிறுபாணாற்றுப்படையில் பல்லவர் பேச்சே இல்லை. அதனால் அதற்கு முந்தியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் சொல்லாமல் விட்டதைச் சான்றாக்குவது ஒல்லிக் கயிறு. அதில் ரொம்பத் தொங்கக் கூடாது.

சொல்லே கிடைத்தால்

1979இல் எருசலேமில் கெத்தேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறைக் குகையில், கேப்ரியேல் பார்க்காய் குழுவினருக்கு இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. பிரித்துப் பார்த்தால், எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் வரும் ஆசீர்வாத வாசகத்தோடு ஒத்த வரிகள். காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பது பலர் கருத்து. அப்போதே அந்த வாசகம் மக்கள் கழுத்தில் தொங்கியது என்று தெரிகிறது. ஆனால் எண்ணாகமம் முழு நூலாக அப்போது இருந்தது என்று அந்த வெள்ளி சொல்லவில்லை. ஒரு தாலாட்டின் வரி கிடைத்தால் தாலாட்டுத் தொகுப்பே கிடைத்ததாக ஆகுமா?

நம் பக்கம், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று 'ஆகோள்' என்கிறது. மாடு பிடிக்கும் பூசலில் இறந்தவனுக்கு நட்ட கல். அதே சொல் தொல்காப்பியத்தில் வெட்சித் துறைகளில் ஒன்று. நூல் வகுத்த சண்டையும் ஊரில் நடந்த சண்டையும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டிருக்கின்றன. நூலின் தேதி இதனால் முடிவாகாது. நூல் பேசும் உலகம் வீட்டுக்குள் உட்கார்ந்து புனைந்தது இல்லை என்பது தெரிகிறது.

அந்தப் பெண்ணின் கேள்வி

இப்போ கபிலர். திருக்கோவிலூர்க் கல்வெட்டு முதலாம் ராஜராஜன் (985-1014) காலத்தது. அவன் தாய் வானவன் மாதேவி மலையமான் குடியில் பிறந்தவள். கணவன் சுந்தர சோழனோடு தீப்புகுந்தவள். அந்தக் குடியின் பெருமையைச் சொல்லும் இடத்தில்தான், கபிலர் பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்தார் என்று வருகிறது. புறநானூற்றுப் பாட்டின் அடிக்குறிப்போ, பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்ததாகச் சொல்கிறது. மாப்பிள்ளையும் வேறு, சாவும் வேறு.

கபிலருக்கும் கல்லுக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் வருஷம். ஆகவே அந்தக் கல் கபிலரின் சாவுக்குச் சாட்சி இல்லை. 11ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கோவலூர்க்காரர்கள் கபிலரை எப்படி நினைவு வைத்திருந்தார்கள் என்பதற்குத்தான் சாட்சி. ராணி தீப்புகுந்ததைப் பாடும் கல்வெட்டில் புலவரும் தீப்புகுவது யோசிக்க வேண்டிய விஷயம். ஜோர்தானில் தெயிர் அல்லாவில் 1967இல் கிடைத்த சுவரெழுத்தும் இந்த ஜாதிதான்: எண்ணாகமத்தில் வரும் பேயோரின் குமாரன் பிலேயாம் அங்கேயும் வருகிறான், ஆனால் கதை வேறு. ஆளின் பெயர் நூலுக்கு வெளியேயும் வாழ்ந்திருக்கிறது. கதை ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

நான் பள்ளியில் செய்த தப்பு இதுதான். ஜம்பையையும் கபிலர் கல்வெட்டையும் ஒரே தட்டில் வைத்தேன். ஒன்று, எழுத்தை வைத்துப் பார்த்தால், பாட்டுக் காலத்திலேயே வெட்டியது. இன்னொன்று ஆயிரம் வருஷ நினைவு. இரண்டுமே அருமையானவை, ஆனால் சொல்லும் சாட்சி வேறு. "கல்லிலேயே இருக்கு" என்று எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துவிட்டால், யாராவது ஒரு பிள்ளை ஒரு முரணைக் கண்டுபிடிக்கும்போது நல்ல சான்றும் சேர்ந்து போய்விடும்.

இனி யாராவது கல்வெட்டுப் படம் அனுப்பினால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இது எப்போது வெட்டியது? அது சொல்லும் சம்பவம் எப்போது நடந்தது? இது பெயரைச் சொல்கிறதா, சம்பவத்தைச் சொல்கிறதா, பாட்டின் சொல்லையே சொல்கிறதா?

அந்தப் பள்ளியில் மறுபடி கூப்பிட்டிருக்காங்க. அந்தப் பெண் இப்போ பத்தாவது. முதல் வேலையா அவளிடம் சொல்லப்போவது: "எது சரின்னு இந்தக் கல்லை வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. அன்னைக்கே நான் இதைச் சொல்லியிருக்கணும்."