திருகை முடுக்கினால் போதுமா?

பேராக் மாநிலத்தின் இரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் உழைத்த வாகனங்களுள் ஒன்று லேண்ட் ரோவர். அது 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் நகரில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகத்தினர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் பாதுகாப்புப் படையினரும் தோட்ட நிருவாகிகளும் இவ்வாகனத்தைப் பயன்படுத்தினர். செம்மண் சாலை, சேறு, மேட்டுச் சரிவு அனைத்தையும் அது தாங்கியது.

இன்று பல இரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், பழைய லேண்ட் ரோவர்களைப் பேணி ஓட்டுவோர் இன்னும் உள்ளனர். அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் ஒன்று ஸ்டீயரிங் ஆட்டம். ஸ்டீயரிங் சக்கரத்தைச் சிறிது திருப்பினாலும் முன்சக்கரங்கள் அசையாமல் இருப்பதே அந்த ஆட்டமாகும். வளைவுகளில் இது உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம்.

இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, ஸ்டீயரிங் பெட்டி இயங்கும் முறையை அறிய வேண்டும். 1958இல் வெளிவந்த இரண்டாம் வரிசையிலும் 1971இல் வெளிவந்த மூன்றாம் வரிசையிலும் பெட்டிக்குள் ஒரு திருகுத்தண்டு உண்டு. ஸ்டீயரிங் சக்கரம் திரும்பும்போது இத்தண்டு சுழலும். அதன்மேல் உள்ள நட் முன்னும் பின்னும் நகரும். இரண்டுக்கும் இடையே சிறிய எஃகுக் குண்டுகள் உருள்வதால் உராய்வு குறைகிறது. நட் நகரும்போது குறுக்குத்தண்டு திரும்பி, பெட்டிக்கு வெளியே உள்ள இரும்புக் கையை அசைக்கும். அக்கை, இணைப்புக் கம்பிகள் வழியாக முன்சக்கரங்களைத் திருப்பும். எடுத்துக்காட்டாக, ஸ்டீயரிங் சக்கரம் 15 பாகை திரும்பும்போது இரும்புக் கை 1 பாகை மட்டும் திரும்பினால், ஓட்டுநரின் விசை பல மடங்கு பெருகும். கனமான வாகனத்தை வெறுங்கையால் திருப்ப முடிவது இதனால்தான்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங் சக்கரத்தை மெல்ல அசைக்க, மற்றொருவர் இரும்புக் கையைக் கவனிக்க வேண்டும். கை அசையாவிட்டால் குறை பெட்டிக்குள் இருக்கலாம். கை அசைந்தும் முன்சக்கரங்கள் திரும்பாவிட்டால் இணைப்புகளில் தேய்மானம் இருக்கலாம்.

பெட்டியின் வெளியே ஆட்டத்தைச் சரிசெய்யும் திருகு ஒன்று உள்ளது. அதை முடுக்கினால் ஆட்டம் ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடும். ஆனால், வாகனம் பெரும்பாலும் நேராகவே செல்வதால், திருகுத்தண்டின் நடுப்பகுதியே அதிகம் தேய்கிறது. நடுப்பகுதிக்கு ஏற்றவாறு திருகை முடுக்கினால், தேயாத ஓரப்பகுதிகளில் ஸ்டீயரிங் இறுகிவிடும். வளைவைக் கடந்த பின்னரும் சக்கரங்கள் நேர்நிலைக்குத் தாமாகத் திரும்பா. ஓர் ஆபத்து நீங்கி, மற்றோர் ஆபத்து வந்து சேரும்.

எனவே, தேய்ந்த பெட்டியைக் கழற்றிப் புதுப்பிப்பதே முறையாகும். கழற்றும் முன்னர் இரும்புக் கையும் தண்டும் பொருந்திய நிலையை அடையாளமிட வேண்டும். சுத்தியலால் அடித்தால் உட்பாகங்கள் பழுதடையலாம். ஆகவே, கையைப் புல்லர் கொண்டு கழற்ற வேண்டும். எஃகுக் குண்டுகளை எண்ணிப் பாதுகாத்து, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். திருகுத்தண்டின் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் குழிகள் தட்டுப்படும். குழி விழுந்த தண்டை மாற்றத்தான் வேண்டும். தேய்ந்த புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஈயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்த ஈப்போவுக்கு இயந்திரப் பட்டறைகள் புதியவை அல்ல.

எண்ணெய் கசியவிடும் பழைய சீலையும் மாற்ற வேண்டும். எண்ணெய் வற்றினால் குண்டுகளும் பள்ளமும் விரைவில் தேயும். தண்டின் இறுக்கத்தை மெல்லிய உலோகத் தகடுகள் தீர்மானிக்கின்றன. தகடுகள் குறைந்தால் தண்டு இறுகும், மிகுந்தால் ஆடும். இவற்றைச் சரிசெய்து, கியர் எண்ணெய் ஊற்றிய பின்னர், ஸ்டீயரிங்கை நேர்நிலையில் வைத்து வெளித்திருகை அளவாக முடுக்க வேண்டும். இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, எங்கும் இறுகவில்லை என உறுதிசெய்ய வேண்டும்.

வெளித்திருகு நுண்ணிய சரிசெய்தலுக்கே உரியது; தேய்ந்த பாகத்திற்கு அது மாற்றாகாது. குறையின் வேரைக் கண்டு களைந்தால்தான் வாகனமும் அதில் செல்வோரும் பாதுகாப்பாக இருப்பர்.