புகார் கொடுத்தவளின் பெயர்

படத்தை வைத்து ஒருவன் மிரட்டினால், பூலாம்பாடியானாலும் சென்னையானாலும் நம் வீடுகளில் முதலில் பிடுங்கப்படுவது பெண்ணின் செல்போன்தான். மிரட்டியவன் கையில் போன் அப்படியே இருக்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்தைப் பொள்ளாச்சியில் காவல்துறையே மெய்யாக்கியது. 2019இல் புகார் கொடுத்த மாணவியின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார்; அரசாணையிலும் அச்சிட்டார்கள். அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அதன் பிறகும் பெண்கள் துணிந்து சாட்சி சொன்னார்கள். 13.5.2025 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு. அந்தரங்கப் படத்தை எடுத்தாலும் பரப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகள். குழந்தையென்றால் 67பி, கூடவே போக்சோ.

நம் பெண்களின் வழக்கில் விடுபட்டுப்போவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மிரட்டியவன் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவனென்றால் அதையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். சேர்த்தால் துணைக் கண்காணிப்பாளர் விசாரிக்க வேண்டும். முன்ஜாமீனுக்கும் தடை உண்டு. எல்லையைக் காட்டி எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. போகும் முன் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.