கோபுரம் நடந்த இருபத்துமூன்று நாட்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்குக் கிழக்கே, பெருநிலத்தைவிட்டு விலகி, அட்லாண்டிக் கடலுக்குள் மெல்லிய மணல் கோடு ஒன்று நீண்டு கிடக்கிறது. அதில் ஒரு துண்டுதான் ஹட்டரஸ் தீவு. காலூன்றப் பாறை கிடையாது. இத்தகைய தீவுகளுக்குத் தடுப்புத் தீவுகள் என்று பெயர்: கடலுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் நின்று அலையின் அடியை முதலில் வாங்குபவை. இவற்றின் விந்தை, இவை ஓரிடத்தில் நிற்பதில்லை. புயல் நாட்களில் அலை முன்பக்க மணலை அரித்து, தீவின் முதுகைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டுகிறது. முன்னே தேய்ந்து பின்னே வளர்ந்து, தீவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருநிலத்தை நோக்கி நகர்கிறது.

இந்த நகரும் மணலின் மேல் 1870-இல் செங்கல்லால் ஒரு கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தார்கள். உயரம் ஏறத்தாழ 200 அடி. இன்றைய கணக்கில் இருபது மாடிக் கட்டடம். செங்கற்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். கறுப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு மேலேறும் பட்டைகள் பகலிலும் மாலுமிகளுக்கு அடையாளம் சொல்லும். அங்கே இவ்வளவு பெரிய விளக்கு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டமும் வடக்கின் குளிர் நீரோட்டமும் அந்தத் தீவுக்கு அருகே சந்திக்கின்றன; நீருக்கடியில் மணல் திட்டுகள் மைல்கணக்கில் ஒளிந்து கிடக்கின்றன. அட்லாண்டிக்கின் கல்லறை என்று அந்தக் கடற்பகுதிக்குப் பெயர் வந்தது சும்மா அல்ல.

என்னை மிகவும் வியக்கவைப்பது அதன் அஸ்திவாரம். கட்டியவர்கள் ஆழத்துக்குத் தூண் இறக்கவில்லை. குழி தோண்டி, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே பைன் மர உத்தரங்களை நீளவாக்கில் ஓர் அடுக்கு, குறுக்குவாக்கில் ஓர் அடுக்கு என்று பரப்பினார்கள். அதன் மேல் கருங்கல், அதன் மேல் செங்கல். மரத்தின் மேலா இத்தனை பாரம் என்று பதற வேண்டாம். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் நன்னீரில் மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குக் காற்று போய்ச் சேராது, பூஞ்சையும் பிழைக்காது. நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோதும் அந்த உத்தரங்கள் உறுதியாகவே இருந்தன. ஆனால் ஒரு நிபந்தனை: உப்புநீர் உள்ளே வரக்கூடாது, அடியிலுள்ள மணல் அரிபடக்கூடாது.

அந்த நிபந்தனைதான் உடையப்பார்த்தது. கட்டிய நாளில் கோபுரத்துக்கும் அலைக்கும் இடையே 1,500 அடி இருந்தது. 1935-இல் கடல் அருகே வந்துவிட, விளக்கை அணைத்துவிட்டு உள்தள்ளி ஓர் இரும்புக் கோபுரத்தில் ஏற்றினார்கள். கரை சற்றுத் தேறியதும் 1950-இல் பழைய கோபுரத்துக்கே விளக்கு திரும்பியது. 1970-இல் மிச்சமிருந்த இடைவெளி 120 அடி. கடலுக்குள் குறுக்குச் சுவர்கள் கட்டினார்கள். மணல் மூட்டை அடுக்கினார்கள். மணலைப் பிடித்து வைக்கும் என்று செயற்கைக் கடற்பாசியைக்கூட நட்டார்கள். 1980-இல் வந்த ஒரு புயல், 1803-ஆம் ஆண்டு கட்டப்பட்ட முதல் கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய அடித்தளத்தை வாரிக்கொண்டு போனது.

கோபுரத்தைச் சுற்றிப் பெரிய சுவர் எழுப்பும் திட்டமும் வந்தது. எழுப்பியிருந்தால் தீவு பின்வாங்கிக்கொண்டே போக, கோபுரம் மட்டும் கடல் நடுவே தனியாக நின்றிருக்கும். தேசிய அறிவியல் கழகத்தின் நிபுணர் குழு 1988-இல் இன்னொரு வழியைச் சொன்னது: நகர்த்துங்கள். உள்ளூரில் கடும் எதிர்ப்பு. நகர்த்தினால் சரிந்துவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை. செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கோபுரம் சிறிது சாய்ந்தாலும் ஒரு பக்கக் காரை இழுபட்டு விரிசல் விடும். எடையோ ஏறத்தாழ நாற்பத்துநான்கு லட்சம் கிலோ.

அந்தக் கடற்கரை, தேசியப் பூங்காச் சேவையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கடற்கரைப் பூங்கா. பொறுப்பு அவர்களுடையது. 1999-இல் வேலை தொடங்கியது. வைரத்துகள் பதித்த கம்பி ரம்பத்தால் அஸ்திவாரக் கருங்கல்லை அறுத்தார்கள். கொஞ்சம் அறுப்பது, அந்த இடத்தில் தற்காலிக முட்டு வைப்பது, பிறகு அடுத்த பகுதி. கடைசியில் மர உத்தரங்களுக்கு மேலிருந்த கல்லெல்லாம் போய், கோபுரம் எஃகு உத்தரங்களின் சட்டத்தில் உட்கார்ந்தது. அந்தச் சட்டத்துக்குள் நூறு ஹைட்ராலிக் ஜாக்கிகள். எண்ணெயின் அழுத்தத்தால் பாரம் தூக்கும் அந்தக் கருவிகள், படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஓக் மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கவைத்தபடி, கோபுரத்தை ஆறடி உயர்த்தின.

இனிமேல்தான் உண்மையான சாமர்த்தியம். போகும் வழி மணல். எங்காவது கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். நூறு ஜாக்கியும் தனித்தனியாக நின்றால், அமுங்கிய இடத்து ஜாக்கி பாரத்தை விட்டுவிடும். பக்கத்து ஜாக்கி அதையும் சேர்த்துச் சுமக்கும். மேலே செங்கல் விரியும். எனவே நூறையும் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே எண்ணெய் வழியில் இணைத்தார்கள். ஒரு ஜாக்கியின் அடியில் மண் இறங்கினால், குழுவிலுள்ள மற்றவற்றிலிருந்து எண்ணெய் அங்கே பாயும். ஜாக்கி நீண்டு தன் பங்கு பாரத்தைத் தொடர்ந்து தாங்கும். ஆக, நூறு ஜாக்கிகளும் மூன்று கால்களாகிவிட்டன. மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. இருபது மாடி உயரக் கோபுரம் அதை நம்பித்தான் புறப்பட்டது.

எஃகுத் தண்டவாளம், அதன் மேல் உருளைகள். வழுக்குவதற்குச் சோப்பு தேய்த்தார்கள். தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்த வேறு ஜாக்கிகள் பின்னாலிருந்து தள்ளும்: ஐந்தடி. கவ்வலை விட்டு, முன்னேறி, மறுபடி கவ்வி, இன்னும் ஐந்தடி. சாய்வு, அதிர்வு, பாரம் மாறும் விதம் எல்லாவற்றையும் அறுபது உணரிகள் (மாற்றங்களை அளந்து சொல்லும் கருவிகள்) இடைவிடாமல் கவனித்தன. கோபுர உச்சியில் காற்றையும் வெப்பத்தையும் அளக்க ஒரு வானிலை நிலையம். கோபுரம் ஜூன் 17-இல் கிளம்பியது. ஜூலை 9-இல் சேர்ந்தது. 2,900 அடி. நாம் நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத் தூரம். அங்கே நான்கடி கனக் கான்கிரீட் தளம் காத்திருந்தது. ஆகஸ்ட் இறுதியில் டென்னிஸ் சூறாவளி அந்தக் கரையோரத்தில் நாட்கணக்கில் நகராமல் நின்றது. கோபுரம் அதற்குள் புது இடத்தில் இருந்தது. நவம்பர் 13-இல் விளக்கு மறுபடி எரிந்தது.

பொறியியல் இத்துடன் முடிகிறது. ஆனால் பூங்காக்காரர்கள் காப்பாற்ற நினைத்தது கோபுரத்தை மட்டும் அல்ல. விளக்கைப் பார்த்துக்கொண்டவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த வீடுகள் அங்கே இருந்தன. 1854-இல் கட்டிய ஒன்று, 1871-இல் கட்டிய இன்னொன்று. எண்ணெய் அறை, மழைநீர்த் தொட்டிகள், நடைபாதை. இவை சேர்ந்ததைப் பண்பாட்டு நிலக்காட்சி என்பார்கள்: மனிதர்கள் பிழைத்து, உழைத்து உருவாக்கிய இடம், கட்டடமும் வெளியும் பாதையும் பிரிக்கமுடியாதபடி. கோபுரத்தை மட்டும் கொண்டுபோயிருந்தால், வீட்டு வாசலிலிருந்து விளக்குக்குப் போய்வந்த அந்த வழியின் அர்த்தம் அறுந்துபோயிருக்கும். எனவே வீடுகளும் எண்ணெய் அறையும் தொட்டிகளும் கூடவே போயின. ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், எந்தத் திசை, எந்த உயரம் என்பதை அளந்து, புது இடத்தில் அப்படியே வைத்தார்கள். நகர்த்தி முடித்தபோது கடலுக்கும் கோபுரத்துக்கும் இடைவெளி 1,600 அடி. 1870-இல் இருந்த தூரத்தைவிடச் சற்றே அதிகம். மண் மாறியது, உறவுகள் மாறவில்லை. கட்டடப் பாதுகாப்பில் இதைவிட நுட்பமான யோசனையை நான் அறிந்ததில்லை.

பழைய இடத்தில் அஸ்திவாரக் கற்கள் சிலவற்றில் விளக்குக் காவலர்களின் பெயர்களைப் பொறித்து வட்டமாக வைத்திருந்தார்கள். கோபுரம் நின்ற இடத்துக்கு அடையாளமாக அவை அங்கேயே இருக்கட்டும் என்று எண்ணம். அலை அங்கும் வந்தது. மணல் கற்களை மூடியது. 2015-இல் அந்தக் கற்களையும் எடுத்துவந்து, கோபுரத்துக்கு அருகில், பார்வையாளர்கள் உட்கார்ந்து கதை கேட்கும் அரைவட்ட இருக்கைகளாக அமைத்துவிட்டார்கள்.