பீஸ் கேட்டவரும் கேட்காதவரும்

என் கணவர் தனியார் மில் ஒன்றில் வேலை பார்த்து, 2024 மே மாதம் 60 வயசில் ரிட்டையர் ஆனார். கைக்கு வந்தது 22 லட்சம். மாசா மாசம் வரும் பி.எப். பென்ஷன் மளிகைக்கே காணாது.

பணம் வந்த வாரமே, எங்கள் பேங்கிலிருந்து ஒரு தம்பி வீடு தேடி வந்தார். "ஆலோசனைக்கு ஒரு பைசா வேண்டாம் சார்" என்று சொல்லி, காபி குடித்து, 5 லட்சத்துக்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். கேட்டதற்கு, "எஃப்.டி. மாதிரிதாம்மா" என்றார்.

பத்திரம் வந்தது. பீரோவில் வைக்கப் போனவரிடமிருந்து வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தேன். எஃப்.டி.யாவது ஒண்ணாவது! அது இன்ஷூரன்ஸ் பாலிசி. வருஷத்துக்கு 5 லட்சம் வீதம் ஏழு வருஷம் கட்டணுமாம். அன்னிக்கு ராத்திரி எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கலை.

நல்ல வேளை, பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாமாம். அதுவும் அதிலேயே பொடி எழுத்தில் இருந்தது. ஸ்டாம்ப் செலவு, அத்தனை நாள் காப்பீட்டுத் தொகை போக மீதி திரும்பி வந்தது.

"இனிமே யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்றேன். சீட்டும் நகையும் தவிர எனக்கு என்ன தெரியும்? வீம்புதான்! பெங்களூரில் இருக்கும் பெண்தான் சொன்னாள், "செபியில பதிவு பண்ணின ஆலோசகரைப் பாரும்மா. அவங்க கமிஷன் வாங்கக் கூடாது, பீஸ் மட்டும்தான்."

செபி இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போனோம். பீஸ் 10 ஆயிரம். இவருக்கு மனசே வரலை. "சும்மா சொன்னவர் 35 லட்சத்துக்கு இல்ல வழி பண்ணிட்டுப் போனாரு!" என்றேன். பேசாமல் செக் எழுதினார்.

அவர் முதலில் கேட்டது என் வரவு செலவு நோட்டை. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம், அவசரத்துக்கு பேங்கில் 4, மியூச்சுவல் ஃபண்டில் 3 என்று பிரித்தார். ஃபண்டில் ஏஜெண்ட் கமிஷன் கழியாத 'டைரக்ட்' வகை உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. "இதை நானே நடத்த முடியுமா?" என்று கேட்டேன். "தாராளமா. வருஷம் ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்" என்றார்.

போஸ்டாபீஸில் போட்டபோது வட்டி 8.2 சதவீதம். மூணு மாசத்துக்கு ஒரு தரம் 30,750 ரூபாய் வருகிறது. நோட்டில் நான்தான் வரவு வைக்கிறேன். அந்தத் தேதி வந்தால் காலையிலேயே இவர் கேட்பார், "ஏம்மா, வட்டி வந்துடுச்சா?"

— ஒரு வாசகி, கோவை