உப்புத் தண்ணீர் ஊரில் கத்தரிக்காய்

தூத்துக்குடியில் எங்கள் சந்தில் எங்கே தோண்டினாலும் முதலில் சிப்பித் தூள் கலந்த மணல், அப்புறம் உவர்த் தண்ணீர். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும் பங்கு எங்கள் மாவட்டத்துக்கு. உப்பளத்துக்கு வாய்த்த வெயிலும் காற்றும் கத்தரிச் செடிக்கு எமன். “முருங்கையும் வேம்பும் விட்டா இங்க என்ன வரும் மதினி?” என்று பக்கத்து வீட்டில் கேட்டது நியாயம்தான்.

மண்ணில் உப்பு ஏறிவிட்டால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் தங்கும். இலை ஓரம் கருகியதும் தண்ணீர் போதவில்லை என்று அதே போர்த் தண்ணீரை இன்னும் ஊற்றுவார்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆக, இங்கே மண்ணையும் தண்ணீரையும் நாமே தயார் பண்ண வேண்டும். அது ஒரு வீட்டால் ஆகிற காரியமில்லை. அடுக்களைக் கழிவு மட்கும்போது பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஒரு தொட்டி நிரம்பவே மாதக்கணக்காகும். அதனால் ஏழெட்டு வீடு சேர்ந்துகொண்டோம்.

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின. எங்கள் மக்காத குப்பை மாநகராட்சி வண்டிக்குப் போகிறது. மக்குவது மாடிக்கு ஏறுகிறது. ஓட்டை போட்ட பெயின்ட் டிரம்மில் ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை காய்ந்த இலை, மேலே கொஞ்சம் புளித்த மோர். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் கறுப்பாக உதிரும். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த இலை போட வேண்டும். தொட்டிக்குத் தேங்காய் நார்த் தூளும் சேர்க்கிறோம். அதிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான்.

மீன் கழிவுக்கு இங்கே பஞ்சமா? செவுளும் குடலும் ஒரு கிலோ என்றால் வெல்லமும் ஒரு கிலோ. மூடி வைத்து, இடையிடையே திறந்து வாயுவை விட்டால் மூன்று வாரத்தில் தேன் நிறத்தில் மீன் அமிலம் தயார். லிட்டருக்கு 5 மி.லி. கலந்து தெளித்தால் போதும். மீன் கொண்டுவரும் அக்கா கழிவை எடுத்து வைத்துத் தருகிறார். அவருக்கு நாங்கள் கீரை தருகிறோம்.

1,000 சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையை மூன்று வீட்டு மாடிக் குழாய் வழியே டேங்குகளில் பிடிக்கிறோம். தொட்டிகளையும் நன்றாக நனையவிடுவோம். தங்கிய உப்பு அடியோட்டை வழியே கழுவிக்கொண்டு போய்விடும். பிடித்த மழைத் தண்ணீர் தீர்ந்தால் அரிசி களைந்த தண்ணீர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மண்ணை உலர்த்திவிடும் என்பதால் நிழல்வலையும் காய்ந்த இலை மூடாக்கும் உண்டு. பீன்ஸ் உப்பைத் தாங்காது, போடுவதில்லை. பருப்புக்கீரை சளைக்காமல் வரும். கத்தரியும் இப்போது காய்க்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களிலும் தண்ணீர் நின்றது. எங்கள் சந்துக்குக் காய்கறி வண்டி வரவில்லை. மாடிக் கீரை இரண்டு வேளைக்குத்தான் கண்டது. ஆனால் எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை என்று காய்கறித் தோல் வாங்கப் படியேறிப் பழகிய எங்களுக்குத் தெரியும். பாலும் மாத்திரையும் மாடி விட்டு மாடி கை மாறின.

தொடங்க நினைப்பவர்கள் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வேளாண் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். விதை அப்புறம் வாங்கலாம். முதலில் பக்கத்து வீட்டில் போய், “தோலைக் கொட்டிராதீங்க, எனக்கு வேணும்” என்று சொல்லி வையுங்கள்.