பிடி தளர்ந்தால் போச்சு!

(ஸ்குவாஷ் ஆடும் ஆபீஸ்வாசிகளுக்கு ஒரு ‘கைப்பிடி’ பாடம்)

‘ஸ்குவாஷ்’ என்றதும் ஃப்ரிட்ஜில் இருக்கும் ஆரஞ்சு பாட்டில் ஞாபகம் வந்த காலம் ஒன்று உண்டு. “சாயங்காலம் ஸ்குவாஷுக்குப் போறேன்” என்றால், “எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வையி” என்பார்கள்!

இப்போது நிலைமை வேறு. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம்ம சென்னைப் பெண்கள் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிகலும் இரட்டையர் தங்கம் வாங்கினார்கள். 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஆண்கள் அணி பாகிஸ்தானை வீழ்த்தித் தங்கம் வாங்கியது. 2025 டிசம்பரில் சென்னையிலேயே நடந்த உலகக் கோப்பையை இந்தியா தட்டிச் சென்றது. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாக இடம் பிடித்திருக்கிறது.

விளைவு? காலை ஆறு மணிக்குத் தோளில் நீளப் பை மாட்டிக்கொண்டு, பைக்கில் கிளப்பை நோக்கிப் பறக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். ஷூவுக்குச் செலவு, ராக்கெட்டுக்குச் செலவு, நரம்பு எத்தனை பவுண்டில் கட்டணும் என்று அரைமணி நேர விவாதம். ஆனால், கை படுகிற ஒரே இடமான கைப்பிடியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையில் வாங்கியபோது சுற்றியிருந்த அதே கிரிப்... ஒரு வருஷம், இரண்டு வருஷம்... நிறம் என்னவாக இருந்தது என்றே மறந்துபோகும் அளவுக்குக் கறுத்து, வழவழவென்று பளபளத்து, பையைத் திறந்தால் ஒரு ‘வாசனை’ வேறு!

“கிரிப்புதானே ஸார், அதுல என்ன இருக்கு?” என்கிறீர்களா? இருக்கிறது!

பக்கத்தில் ஆள் இருக்கார்!

டென்னிஸில் ராக்கெட் கை நழுவினால் நெட்டில் போய் விழும். பாட்மின்ட்டனிலும் எதிராளி அந்தப் பக்கம். ஸ்குவாஷில்? நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர், நாலு பக்கமும் சுவர். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர். எதிராளி உங்கள் முதுகுக்குப் பின்னாலோ, தோளுக்குப் பக்கத்திலோதான் நிற்பார். முழு வேகத்தில் வீசும்போது ராக்கெட் கையைவிட்டுப் பறந்தால் அது போய்ச் சேரும் விலாசம் அவருடைய பல், மூக்கு, அல்லது கண்!

அந்த எதிராளி உங்கள் மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இன்க்ரிமென்ட் லிஸ்ட் வரப்போகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை!

வேடிக்கை இருக்கட்டும். நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மூடிய கோர்ட்டுக்குள் பத்து நிமிஷம் ஆடினாலே முழங்கையிலிருந்து வியர்வை ஓடி உள்ளங்கைக்கு வந்து சேரும். பெரிய ஆட்டக்காரர்களே பாயின்ட்டுக்குப் பாயின்ட் கையைச் சுவரில் துடைத்துக்கொள்வதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஹாங்சோ இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் சென்னை இளைஞர் அபய் சிங், ஐந்தாவது கேமில் இரண்டு மேட்ச் பாயின்ட்டுகளைத் தப்பித்து 12-10 என்று ஜெயித்தார். அந்த நேரத்தில் கை வியர்க்காமலா இருந்திருக்கும்? வியர்வையைத் தடுக்க முடியாது ஸார். அது வழுக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

கை ஏன் வலிக்குது?

ஸ்குவாஷில் ராக்கெட்டை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. கை குலுக்குகிற மாதிரி பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆங்கில ‘வி’ வரவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். முன்கைக்கும் பின்கைக்கும் இதே பிடிதான். மாற்றிப் பிடிக்க நேரம் கிடையாது. பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் மட்டும் ஒரு சின்ன இறுக்கம், அவ்வளவுதான்.

கிரிப் வழுக்கினால் இந்தக் கதையே தலைகீழ். நழுவிவிடுமோ என்ற பயத்தில் கை தானாகவே முக்கால் மணி நேரமும் கசக்கிப் பிடிக்கும். மணிக்கட்டு விறைத்துப்போகும். முன்னங்கைத் தசை இறுகும். மறுநாள் ஆபீஸில் மவுஸைப் பிடித்தால், ‘விண் விண்’! முழங்கை வலிக்குப் பல காரணங்கள் உண்டு; அளவுக்கு மீறி ஆடுவது அதில் முக்கியமானது. ஆனால் தேய்ந்த கிரிப் அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றும். (வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போக வேண்டிய இடம் டாக்டரிடம், ஸ்போர்ட்ஸ் கடைக்கு அல்ல!)

கடையில் என்ன கேட்பது?

இங்கேதான் பலர் முழிப்பது. காட்சி இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, கிரிப் ஒண்ணு கொடுங்க.”

“எந்தக் கிரிப்பு தம்பி? மெயின் கிரிப்பா, ஓவர்கிரிப்பா?”

“அ... வந்து... நீலக் கலர் இருக்கா?”

கலர் கடைசி விஷயம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிரிப்பில் இரண்டு ஜாதி உண்டு என்பது.

முதலாவது, மெயின் கிரிப். பழையதை முழுசாக உரித்துவிட்டு, வெறும் கைப்பிடி மேல் சுற்றுவது. தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். உட்புறம் பசை இருக்கும். பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்தது, கடைக்காரர்கள் ‘பி.யூ. கிரிப்’ என்பார்கள். தொட்டால் லேசாக ஒட்டுகிற மாதிரி ‘பிசுக்’கென்று இருக்கும். அதுதான் அதன் பலம். ஸ்குவாஷ்காரர்கள் மத்தியில் ‘காரகால்’ கம்பெனியின் பி.யூ. கிரிப் ரொம்பப் பிரபலம்.

இரண்டாவது, ஓவர்கிரிப். மெயின் கிரிப்புக்கு மேலே போடும் சட்டை மாதிரி. தடிமன் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான். விலை குறைவு, ஆயுளும் குறைவு. அழுக்கானால் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததைச் சுற்றிக்கொள்ளலாம். இதில் பிசுக்கென்று ஒட்டுகிற ரகமும் உண்டு. காய்ந்த துணி மாதிரி இருந்து, ஈரம் பட்டதும் பிடிப்புக் கூடுகிற ரகமும் உண்டு. உள்ளங்கையில் குழாய் திறந்த மாதிரி வியர்க்கிறவர்கள் இரண்டாவதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவதாக டவல் கிரிப். குற்றாலத் துண்டை நறுக்கின மாதிரி இருக்கும். வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் சீக்கிரம் கட்டிதட்டி, அழுக்கேறிப் போகும். அடிக்கடி மாற்றச் சோம்பல்படாதவர்களுக்கு மட்டும்.

ஓட்டை போட்டது, வரிவரியாக மேடு வைத்தது என்று வேறு தினுசுகளும் உண்டு. மேடு இருந்தால் விரல்கள் பதிய இடம் கிடைக்கும். சிலருக்கு அது உறுத்தும். கடையில் ஏற்கெனவே சுற்றி வைத்திருக்கும் ராக்கெட்டுகளைக் கையில் வாங்கிப் பிடித்துப் பாருங்கள். காசு கேட்கமாட்டார்கள்!

தடிமன்... அங்கேதான் சூட்சுமம்!

டென்னிஸ் ராக்கெட் வாங்கினால் கைப்பிடியிலேயே பல சைஸ் உண்டு. ஸ்குவாஷில் அந்த வசதி கிடையாது. ஒரு மாடல் என்றால் பொதுவாக ஒரே சைஸ் கைப்பிடிதான். ஆறடி ஆசாமிக்கும் அதே, ஐந்தடி ஆசாமிக்கும் அதே. உங்கள் கைக்குத் தகுந்தபடி அதை மாற்றிக்கொள்ள இருக்கும் ஒரே வழி கிரிப்.

பரீட்சை சுலபம். ஆடுகிற மாதிரியே ராக்கெட்டைப் பிடியுங்கள். நடுவிரல், மோதிரவிரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி இருந்தால் சரி. நகம் உள்ளங்கையில் குத்தினால் பிடி ஒல்லி. ராக்கெட் கைக்குள் திரும்பும். விரல்கள் அரைவட்டத்திலேயே நின்றுவிட்டால் பிடி தடி. மணிக்கட்டு சொன்னபடி கேட்காது.

“ஒல்லியா இருக்கா? அப்ப ரெண்டு மூணு ஓவர்கிரிப்பை ஒண்ணு மேல ஒண்ணா சுத்திடலாமே!” இந்த யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம் ஸார். காரணம் இரண்டு.

ஒன்று: ஸ்குவாஷ் கைப்பிடி முழு உருண்டை அல்ல, ஓரம் மழுங்கிய செவ்வகம். அந்த ஓரங்கள்தான் ராக்கெட்டின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காமலே விரலுக்குச் சொல்லும். அடுக்கடுக்காகச் சுற்றினால் கைப்பிடி பூரிக்கட்டை மாதிரி உருண்டையாகிவிடும். அப்புறம் பந்து போக வேண்டிய இடத்துக்கு மேலேயோ கீழேயோ போகும். நீங்கள் ராக்கெட் கம்பெனியைத் திட்டுவீர்கள்!

இரண்டு: எடை. விதிப்படி ஸ்குவாஷ் ராக்கெட் 255 கிராம் வரை இருக்கலாம். ஆனால் இன்றைய கிராஃபைட் ராக்கெட்டுகள் பலவற்றில் சட்டம் மட்டும் 110 முதல் 150 கிராம்தான். ஓர் ஓவர்கிரிப் சுமார் 5 கிராம். அது கைப்பிடிப் பக்கம் ஏறினால் சமநிலைப் புள்ளி சில மில்லிமீட்டர் கைப்பக்கம் நகரும். தலை லேசாகத் தெரியும். மூன்று சுற்றினால் தராசே மாறிப்போகும். சிலருக்கு அது பிடிக்கும். தெரிந்து செய்தால் சரி. தெரியாமல் செய்துவிட்டு, “ராக்கெட்ல பழைய ‘பவர்’ இல்லப்பா” என்று புலம்பக்கூடாது.

நம் சிபாரிசு: ஒரு மெயின் கிரிப், தேவையானால் அதன் மேல் ஒரே ஒரு ஓவர்கிரிப். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்களே சுத்தலாம்!

இதற்கு ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு கத்தரிக்கோல், கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைக் காபி போதும்.

1. உரிப்பதற்கு முன்னால் பழைய கிரிப் எந்தப் பக்கம் சாய்ந்து சுற்றியிருக்கிறது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். வலக்கைக்காரர்கள் அதே திசையில் சுற்றினால் போதும். இடக்கைக்காரர்கள் எதிர்த்திசையில் சுற்றுவது நல்லது. இல்லாவிட்டால் விரல் பட்டுப் பட்டு ஓரம் கிளம்பும்.

2. மேலே இருக்கும் டேப்பை எடுத்துவிட்டு, உரித்துக்கொண்டே கீழே வாருங்கள். அடிமுனையில் சின்னப் பின் அடித்திருக்கலாம். கையைக் கிழித்துக்கொள்ளாமல் குறட்டால் பிடுங்குங்கள். ஒட்டியிருக்கும் பசை உருண்டைகள், கிழிசல்களைத் தேய்த்து எடுங்கள். விட்டுவைத்தால் புதுக் கிரிப்புக்கு அடியில் பரு மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கும்.

3. புதுக் கிரிப்பின் ஒரு முனை கூராகச் சீவியிருக்கும். அடிமுனையில் ஆரம்பிக்க வேண்டியது அதுதான். பசை மேல் இருக்கும் காகிதத்தை உரிக்காமல் ஒருமுறை ‘ரிகர்சல்’ சுற்றிப் பாருங்கள். கை பழகும்.

4. இப்போது நிஜம். அடிமுனையின் விளிம்பை மூடி ஒரு முழுச் சுற்று, நன்றாக இழுத்து. பிறகு சாய்வாக மேலே ஏறுங்கள். ஒரு கையால் கிரிப்பை இழுத்துப் பிடித்து, மறுகையால் ராக்கெட்டைத் திருப்புங்கள். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறினால் போதும். இடைவெளி விட்டால் பள்ளம். அதிகம் ஏறினால் மேடு. இழுக்கும் பலம் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கட்டும்.

5. மேலே மிச்சமிருப்பதைச் சாய்வாக வெட்டி, கூடவே வரும் டேப்பை இறுக்கிச் சுற்றி முடியுங்கள்.

ஓவர்கிரிப்புக்கும் இதே முறைதான். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிடாதீர்கள். அதோடு ஆடிவிட்டு, “என்னப்பா இது, சோப்பு மாதிரி வழுக்குது” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு!

எப்போ மாத்தணும்?

காலண்டரைப் பார்க்காதீர்கள், கையைக் கேளுங்கள். பிசுக்கு போய்ப் பளபளப்பு வந்துவிட்டதா? கட்டைவிரல் இடத்தில் பள்ளமா? ஓரம் கிளம்பி, துண்டு துண்டாக உதிர்கிறதா? பாயின்ட்டுக்கு நடுவில் ராக்கெட்டை அடிக்கடி திருப்பிப் பிடிக்கிறீர்களா? காலம் முடிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகிறவருக்கு ஓவர்கிரிப் சில வாரம், மெயின் கிரிப் சில மாதம் வந்தாலே நியாயம். ஒரு கிரிப்பின் விலை, சினிமாவுக்குப் போய் இன்டர்வலில் பாப்கார்ன் சாப்பிடுகிற செலவுக்குள் அடங்கும். எதிராளியின் பல்லுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கொள்ளை லாபம்!

கிரிப் நீடிக்க...

• ஆடி முடித்ததும் கிரிப்பைக் காய்ந்த துணியால் ஒற்றி, வீட்டுக்குப் போனதும் ராக்கெட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். ஈர டி-ஷர்ட்டோடு சேர்த்துப் பூட்டி வைத்தால் மறுநாள் பையே பேசும்!

• வெயிலில் நிற்கும் காருக்குள் ராக்கெட்டைப் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும்.

• மணிக்கட்டுப் பட்டை அணியுங்கள். கையிலிருந்து இறங்கும் வியர்வை அங்கேயே நின்றுவிடும்.

• தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறவர்கள் ஆட்டத்துக்கு நடுவில் முடியைக் கோதக்கூடாது. எந்தக் கம்பெனி கிரிப்பும் எண்ணெய்க்கு ஈடுகொடுக்காது.

• பி.யூ. கிரிப்பில் டால்கம் பவுடர் போடாதீர்கள். பிசுக்குப் போய்க் கேரம்போர்டு ஆகிவிடும்.

• புதுக் கிரிப் சுற்றியதும் நேராக மேட்சுக்குப் போகாமல் முதலில் தனியாகக் கொஞ்ச நேரம் அடித்துப் பழகுங்கள்.

கடைசியாக ஒன்று. புதுக் கிரிப் போட்டாயிற்று என்ற தைரியத்தில் கண் கவசத்தை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். ஸ்குவாஷ் பந்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். கண்குழிக்குள் கச்சிதமாக உட்காரும் அளவு அது. கிரிப் அவரைக் காப்பாற்ற; கண்ணாடி உங்களைக் காப்பாற்ற.

மேனேஜரிடம் தாராளமாக 3-0 என்று தோற்கலாம். அதற்குப் பெயர் ராஜதந்திரம். ஆனால் ராக்கெட்டை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்!