இரண்டு காருக்கும் 5 நட்சத்திரம், பரீட்சையோ வேறு!

3 வரிசை வண்டி வாங்குவோர் உஷார்

வீட்டில் 7 பேர். கையிருப்போடு கடனும் போட்டு செகண்ட்-ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்கள். புரோக்கர் இரண்டு வண்டியைக் காட்டுகிறார். ஒன்று 2021 மாடல் மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700. இன்னொன்று 2023 கடைசியில் வந்த டாட்டா சபாரி.

"ரெண்டுமே 5 ஸ்டார் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்பார்.

கண்ணைத் திறக்க வேண்டிய இடமே அதுதான்!

மார்க் எவ்வளவு?

"குளோபல் என்கேப்" என்ற அமைப்பு காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு மார்க் போடும். 2021 நவம்பரில் எக்ஸ்.யூ.வி. 17-க்கு 16.03 வாங்கியது. பெரியவர் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம்; குழந்தைகளுக்கு 4.

2022 ஜூலையில் விதி கடுமையானது. பக்கவாட்டு மோதலுக்கும் மார்க் வந்தது. இந்தப் பரீட்சையில் 2023 அக்டோபரில் சபாரி 34-க்கு 33.05 வாங்கியது. குழந்தைகளுக்கும் 5 நட்சத்திரம்.

சோதனைக்குப் போன எக்ஸ்.யூ.வி.யில் ஏர்பேக் 2, சபாரியில் 6.

அதற்காக முதல் வண்டி மட்டம் என்று அர்த்தமில்லை. அன்றைய பரீட்சையில் அது பாஸ்! உயர்ந்த ரகத்தில் 7 ஏர்பேக் வரை உண்டு. ஆகவே எந்த ரகம், எத்தனை ஏர்பேக் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசி சீட்

நீளத்தில் 27 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வீட்டுப் பெரியவரை அழைத்துப் போய் கடைசி வரிசையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முட்டி இடிக்குதா, பெல்ட் எட்டுதா என்று பாருங்கள். 3 வரிசையும் நிமிர்ந்திருக்கும்போதே ஊருக்குப் போகிற பெட்டியை வைத்து டிக்கியைச் சாத்துங்கள். சாத்த முடியாவிட்டால் பெட்டி மடியில்தான்!

அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.